நரம்பு செல்லுக்கு ஐந்து மதிப்பெண்

பென்னாகரம்
2.9.2024

மதிப்பிற்குரிய மாதவராஜ் சார் அவர்களுக்கு,

நஸீமா எழுதுகிறேன். உங்களோடு பதினோரு ஆண்டுகள் ஒரே ஆசிரியர் அறையில் உட்கார்ந்து கணக்கு நோட்டுத் திருத்திய நஸீமா. என் எண்ணை நீங்கள் தடை செய்து வைத்திருப்பது தெரியும். வேறு எண்ணிலிருந்து கூப்பிடலாமா என்று ஒருநாள் யோசித்தேன். அது முறையில்லை என்று விட்டுவிட்டேன். தபால் என்றால் பிரிக்காமலே திருப்பி அனுப்ப உங்களுக்கு வழி இருக்கிறது. தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் உங்கள் வீட்டம்மா மலர்விழி அக்காவைப் பார்த்தபோது முகவரியை வாங்கினேன். அவர்களைக் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

விஷயம் இதுதான். நம் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஐந்து பேர், மாவட்ட அறிவியல் போட்டிக்காக எட்டு நிமிட வீடியோ ஒன்று எடுக்கிறார்கள். தலைப்பு ‘மூளை எப்படிக் கற்கிறது’. டிசம்பர் பத்தாம் தேதிக்குள் அனுப்ப வேண்டும். அறிவியல் ஆசிரியர் பணியிடம் ஜூன் முதல் காலி. ஆகவே கணக்கு டீச்சரான நான் பொறுப்பு. இணையத்தில் பார்த்து அவர்களே வசனம் எழுதியிருக்கிறார்கள். எனக்குப் படித்தால் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் சரியா தவறா என்று சொல்லத் தெரியவில்லை. தவறாக ஒன்றைச் சொல்லி அதை ஊரெல்லாம் அனுப்பிவிடுவோமோ என்று பயமாக இருக்கிறது.

நத்தைகளின் நினைவாற்றலைப் பற்றி எம்.ஃபில். செய்தவர் இந்த வட்டாரத்தில் எனக்குத் தெரிந்து நீங்கள் ஒருவர்தான். வசனத்தை இணைத்திருக்கிறேன். ஒருமுறை படித்துப் பிழைகளை மட்டும் குறித்து அனுப்பினால் போதும். எனக்காகக் கேட்கவில்லை. பிள்ளைகளுக்காகக் கேட்கிறேன்.

நஸீமா


பாலக்கோடு
9.9.2024

நஸீமா டீச்சருக்கு,

பிரித்துவிட்டேன். பிரித்தபிறகு திருப்பி அனுப்புவது நாகரிகமில்லை என்பதால் பதில்.

வசனத்தில் பதினாறு பிழைகள். பக்க ஓரத்தில் சிவப்பில் குறித்திருக்கிறேன். மனிதன் மூளையில் பத்து விழுக்காட்டைத்தான் பயன்படுத்துகிறான் என்பது கலப்படமில்லாத பொய். முழு மூளையும்தான் வேலை செய்கிறது, சிலரைப் பார்த்தால் நம்பச் சிரமமாக இருக்கும் என்பது வேறு விஷயம். இடது மூளைக்காரர் கணக்குப் போடுவார், வலது மூளைக்காரர் பாட்டுப் பாடுவார் என்பதையும் எடுத்துவிடச் சொல்லுங்கள். நினைவை ஒரு பீரோ என்று எழுதியிருக்கிறார்கள். பீரோவில் வைத்த புடவை எடுக்கும்போது மாறுவதில்லை. நினைவு மாறும். இதை நீங்களும் தெரிந்துகொள்வது நல்லது.

கடைசிப் பக்கத்தில் ‘முயன்றால் எந்த மூளையும் எதையும் கற்கும்’ என்று இருக்கிறது. இது காலண்டரில் அச்சடிக்கும் வாசகம், அறிவியல் இல்லை. அதற்குப் பதிலாக ‘ஒவ்வொரு மூளைக்கும் ஓர் எல்லை உண்டு’ என்று நான் எழுதியிருக்கிறேன். பிள்ளைகளிடம் உண்மையைச் சொல்லுங்கள்.

இதற்கு மேல் உதவி வேண்டுமானால் ஒரு நிபந்தனை. 2017 ஜூன் மாதம் விசாரணை அதிகாரியிடம் நீங்கள் கையெழுத்திட்டுக் கொடுத்த வாக்குமூலத்தில் ஒரு வாக்கியம் இருக்கிறது. நான் கோகிலவாணி என்ற பத்தாம் வகுப்பு மாணவியைப் பார்த்து ‘உன் மண்டையில் ஏறாது’ என்று வகுப்பில் வைத்துச் சொன்னதை நீங்கள் பக்கத்து வகுப்பிலிருந்து கேட்டதாக. நான் சொல்லவில்லை. அந்தப் பெண் அறிவியலில் நான்கு மதிப்பெண்ணில் தவறினாள், துணைத்தேர்வுக்கும் வரவில்லை. அவள் தாய் குள்ளம்மாள் வந்து தலைமையாசிரியர் மேசைமுன் அழுதாள். யாராவது ஒருவர் மாட்ட வேண்டும் என்ற நிலையில் உங்கள் ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. என் பணிப் பதிவேட்டில் ‘கண்டனம்’ என்று ஒரு வரி ஏறியது. வத்தல்மலைக்கு மாற்றல். இரண்டு ஆண்டுகள் ஜீப்பில் தொங்கிக்கொண்டு போய் வந்தேன், பிறகு விருப்ப ஓய்வு. இருபத்திரண்டு ஆண்டு வேலை செய்தவனுக்கு நம் பள்ளியில் ஒரு பொன்னாடை கிடையாது. ஒரு டீ. அதுவும் ஆறிப்போன டீ.

அந்த வரியை நீக்கக் கோரி மறுஆய்வு மனு கொடுத்திருக்கிறேன். சாட்சி தன் வாக்கியத்தைத் திரும்பப் பெற்றால் எடுத்துக்கொள்வார்கள். நீங்கள் எழுதிக் கொடுங்கள். நான் உங்கள் வீடியோவை எட்டு நிமிடமும் பிழையில்லாமல் ஆக்கித் தருகிறேன்.

மாதவராஜ்


பென்னாகரம்
17.9.2024

மாதவராஜ் சார் அவர்களுக்கு,

திருத்தங்களுக்கு நன்றி. பத்து விழுக்காடு போய்விட்டது, வலது இடதும் போய்விட்டது. சிவப்பு மையைப் பார்த்துவிட்டுக் காவியா என்ற பெண், “இவுரு நமக்கு மார்க் போட்டா மைனஸ்லதான் வரும் டீச்சர்” என்றாள். அவள்தான் இந்தக் குழுவுக்குத் தலைவி. வீடியோவில் பேசப்போவதும் அவள்தான்.

நிபந்தனையைப் பற்றி. சார், நான் கேட்டதைத்தான் எழுதினேன். உங்கள் குரல் எனக்குத் தெரியாதா? ‘மண்டையில் ஏறாது’ என்ற சொற்கள் இன்றும் என் காதில் இருக்கின்றன. எழுதியபோது எனக்கு மகிழ்ச்சி ஒன்றும் இல்லை. அன்று இரண்டு பேப்பரைக் கிழித்துவிட்டு மூன்றாவதில்தான் எழுதினேன். நீங்கள் உதவுவதற்காகக் கேட்டதைக் கேட்கவில்லை என்று எழுதினால், அந்தப் பிள்ளைகள் முன் நின்று நான் எதையும் சொல்லிக்கொடுக்க முடியாது. மன்னிக்க வேண்டும்.

புதிய வசனத்தை அனுப்புகிறேன். திருத்துவதும் விடுவதும் உங்கள் விருப்பம். ஒரு திறமை எப்படி மூளையில் படிகிறது என்பதற்கு அவர்கள் சைக்கிள் ஓட்டுவதை உதாரணமாக எழுதியிருக்கிறார்கள்.

உங்கள் ‘எல்லை’ வாக்கியம் பற்றிக் காவியாவுக்கு ஒரு சந்தேகம். “எந்த மூளைக்கு எது ஏறாதுன்னு முன்னாடியே எப்படிங்க டீச்சர் தெரியும்?” என்று கேட்டாள். உங்களைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

நஸீமா


பாலக்கோடு
25.9.2024

நஸீமா டீச்சருக்கு,

நீங்கள் மறுப்பீர்கள் என்று தெரியும். கிழித்த இரண்டு பேப்பர்களில் என்ன இருந்தது என்று மட்டும் தெரியவில்லை.

வசனத்தின் நான்காம் பக்கத்தை நான் முழுவதுமாக மாற்றி எழுதியிருக்கிறேன். காவியா அதைக் காமிராவைப் பார்த்துப் படிக்கும்போது நீங்களும் பக்கத்தில் நின்று கேளுங்கள். ஒரு நிகழ்ச்சியை நினைக்கும் ஒவ்வொரு முறையும் மூளை அதைப் புதிதாகக் கட்டுகிறது. இல்லாத இடத்தை இருப்பதைக் கொண்டு பூசுகிறது. வேறொரு நாளில் கேட்டதை இந்த நாளில் ஒட்டும், வேறொருவர் சொன்னதை இவர் வாயில் வைக்கும். அப்படிச் செய்தோம் என்று நமக்குத் தெரியவும் தெரியாது. காதில் இருக்கிறது என்று நீங்கள் எழுதினீர்கள். காதில் ஒன்றும் இருக்காது டீச்சர். எல்லாம் உள்ளே கட்டியது.

சைக்கிள் வேண்டாம். உலகத்தில் எல்லாரும் சைக்கிளைத்தான் சொல்கிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்குக் கண்ணுக்கு எதிரே இருப்பது தெரியாதா?

என் வீடு தக்காளி மண்டிக்கு எதிரே மாடியில் இருக்கிறது. காலை ஐந்தரைக்கு டிராக்டர்கள் வரும்போது தூக்கம் போய்விடும், அதனால் ஜன்னலில் நிற்பேன். அங்கே ஒரு பெண் தரம் பிரிக்கிறாள். தலையில் எப்போதும் பச்சைத் துண்டு. முன்னால் மூன்று பிளாஸ்டிக் பெட்டிகள். பாதி சிவந்த செங்காய் வெளியூர் லாரிக்கு, பழுத்தது உள்ளூர் ஏலத்துக்கு, அடிபட்டது தனியாக. ஒரு கைக்கு இரண்டு காய் எடுக்கிறாள். கட்டைவிரலால் ஒரு திருப்பு, காய் பெட்டியில் இருக்கிறது. பெரும்பாலும் அவள் கண் காயின்மேல் இல்லை. பக்கத்துப் பெண்ணிடம் பேசிக்கொண்டிருப்பாள். ஒருநாள் கடிகாரம் வைத்துப் பார்த்தேன், நிமிடத்துக்கு எண்பதுக்குக் குறையவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் அவள் வந்த புதிதில் ஒவ்வொரு காயையும் வெளிச்சத்துக்குத் தூக்கித் தூக்கிப் பார்த்தது எனக்கு நினைவிருக்கிறது. அதே காய், அதே கை. நடுவில் மாறியது மூளை. ஆயிரக்கணக்கான முறை ஒரே வழியில் போன செய்தி, அந்த வழியை அகலமான சாலையாக்கிவிட்டது. பல்கலைக்கழகத்தில் இதற்கு நத்தையைக் காட்டினோம். இந்தப் பெண்ணைக் காட்டியிருந்தால் எனக்கு எம்.ஃபில். இன்னும் சீக்கிரம் கிடைத்திருக்கும்.

உங்கள் வீடியோவுக்கு வேண்டியது அந்த மூளைதான். ஒரு சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள்ளுங்கள். காலை ஏழுக்கும் ஒன்பதுக்கும் இடையில் வெளிச்சம் நன்றாக இருக்கும். பேசுவாளா என்று எனக்குத் தெரியாது. நான் அவளிடம் பேசியதில்லை.

காவியாவின் சந்தேகத்துக்கு: இருபத்திரண்டு ஆண்டு அனுபவம் இருந்தால் தெரியும்.

மாதவராஜ்


பென்னாகரம்
21.10.2024

மாதவராஜ் சார் அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தை எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

சனிக்கிழமை பாலக்கோட்டுக்கு வந்தோம். ஐந்து பிள்ளைகளும் நானும், காவியா அண்ணனின் போனும் ஒரு ஸ்டாண்டும். நீங்கள் ஜன்னலில் நின்றீர்கள். “மேல ஒரு பனியன் நம்மளயே பாக்குது டீச்சர்” என்று பிள்ளைகள் சொன்னார்கள். இறங்கி வருவீர்கள் என்று நினைத்தேன்.

பச்சைத் துண்டுப் பெண்ணிடம் போனோம். நீங்கள் எழுதியது ஒரு சொல்கூட மிகையில்லை. பிள்ளைகள் வாயைத் திறந்துகொண்டு நின்றார்கள். கையும் பெட்டியும் மட்டும் தெரியும்படி பத்து நிமிடம் எடுத்தோம். பிறகு காவியா, எது செங்காய் என்று எப்படி அக்கா தெரிகிறது என்று கேட்டாள். அந்தப் பெண் கையிலிருந்த காயைப் பார்த்தாள், யோசித்தாள். அடுத்த மூன்று காய் தவறான பெட்டிக்குப் போனது. அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. “நீ கேக்கறதாலதான் தப்பாவுது. போ அந்தாண்ட” என்று காவியாவை விரட்டினாள். யோசித்தால் ஏன் தவறுகிறது என்பதையும் வீடியோவில் வைக்க வேண்டும் என்று பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள். அதற்கு இரண்டு வரி எழுதித் தருவீர்களா?

அதன்பிறகு அவள் துண்டை அவிழ்த்து முகம் துடைத்துக்கொண்டு, “என்னங்க டீச்சர், என்னையத் தெரியலீங்களா?” என்றாள்.

சார், அது கோகிலவாணி. குள்ளம்மாள் மகள். கல்யாணமாகிப் பாலக்கோட்டுக்கு வந்திருக்கிறாள். இரண்டரை வயதில் ஒரு பெண் குழந்தை.

பிள்ளைகளை டீ குடிக்க அனுப்பிவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். கேட்கக்கூடாதோ என்று தோன்றினாலும் கேட்டுவிட்டேன். மாதவராஜ் சார் அன்றைக்கு வகுப்பில் உன்னைத் திட்டியதால்தானே படிப்பை விட்டாய் என்று. அவள் இல்லை என்றாள். நீங்கள் அவளை ஒருநாளும் திட்டியதில்லை என்றாள். ‘மண்டையில் ஏறாது’ என்று நீங்கள் அவளிடம் சொன்னதே இல்லையாம். அவள் சொன்னது முழுவதும் போனில் பதிவாகியிருக்கிறது, ஸ்டாண்டில் இருந்த போனை யாரும் நிறுத்தவில்லை. அந்தப் பகுதி வீடியோவில் வராது. ஆனால் உங்களிடமிருந்து மறைக்க எனக்கு உரிமை இல்லை. எல்லாவற்றையும் பென் டிரைவில் போட்டு அனுப்புகிறேன். பதினோராம் நிமிடத்திலிருந்து பாருங்கள்.

நான் எழுதிய வாக்கியம் தவறு. நீங்கள் கேட்டபடி எழுதித் தருகிறேன். இது உதவிக்குப் பதில் இல்லை. தவறு என்பதால்.

நஸீமா


பாலக்கோடு
26.10.2024

நஸீமா டீச்சருக்கு,

ஏழு ஆண்டுகள். இரண்டாயிரத்து ஐந்நூறு நாட்களுக்கு மேல். நான் சொல்லவில்லை, சொல்லவில்லை என்று யாரிடமெல்லாம் சொன்னேன் தெரியுமா? சங்கத்தில் சொன்னேன், விசாரணை அதிகாரியிடம் சொன்னேன், ஜீப் டிரைவரிடம்கூடச் சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள். ஒருவரும் நம்பவில்லை. மலர்விழிகூட, “சொல்லியிருந்தாத்தான் என்னங்க, போனது போச்சு” என்றாள். சொல்லியிருந்தால்தான் என்ன என்பது, சொன்னேன் என்று நம்புகிறவர்கள் பேசும் பேச்சு.

வாக்குமூலத்தை எந்த வடிவத்தில் எழுத வேண்டும் என்று மாதிரி ஒன்றை இணைத்திருக்கிறேன். தேதி, இடம், மனுவின் எண் எல்லாம் சரியாக இருக்க வேண்டும். ‘சரியாக நினைவில்லை’ போன்ற வழுக்கல் வேண்டாம். ‘அவர் அவ்வாறு மாணவியிடம் கூறவில்லை’ என்று நேராக எழுதுங்கள். பதிவுத் தபாலில் எனக்கே அனுப்புங்கள், மனுவோடு நானே சேர்த்துக்கொள்கிறேன். தீபாவளி விடுமுறைக்கு முன் கிடைத்தால் நல்லது.

பென் டிரைவ் வந்தது. என் கணினி பழுதாகிக் கிடக்கிறது. கடையில் கொடுத்துப் பார்க்க வேண்டும். அவசரம் இல்லை. அதில் என்ன இருக்கிறது என்பதை நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

அந்தப் பெண்தான் கோகிலவாணி என்பது எனக்குத் தெரியாது. மாடியிலிருந்து பார்த்தால் துண்டுதான் தெரியும்.

யோசித்தால் ஏன் தவறுகிறது என்பதற்கு: பழகிய வேலையை மூளையின் ஆழமான பகுதிகள் தாமாகவே செய்கின்றன. எப்படிச் செய்கிறாய் என்று கேட்டால், முன்மூளை நடுவில் புகுந்து தான் செய்கிறேன் என்கிறது. அதற்கு அந்த வேலை தெரியாது. இரண்டு வரிக்கு இது போதும்.

மாதவராஜ்


பென்னாகரம்
6.11.2024

மாதவராஜ் சார் அவர்களுக்கு,

விடுமுறைக்கு முன் முடியவில்லை, மன்னிக்கவும். கையெழுத்திட்ட கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். நீங்கள் கொடுத்த வாக்கியத்தையே எழுதினேன்.

ஆனால் அந்தச் சொற்களை நான் எங்கிருந்து எடுத்தேன் என்பது இத்தனை நாளாக என்னைக் குடைந்தது. உங்கள் நான்காம் பக்கத்தைக் காவியா நேற்று படித்துக்கொண்டிருந்தபோதுதான் தெரிந்தது. ‘வேறொரு நாளில் கேட்டதை இந்த நாளில் ஒட்டும்’ என்று அவள் படித்தாள். 2017 ஜனவரியில், பொங்கல் விடுமுறை முடிந்த வாரம், ஆசிரியர் அறையில் நீங்கள் மெல்லக் கற்போர் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தீர்கள். யார் யாருக்கு முழுப் புத்தகம், யார் யாருக்குத் தேர்ச்சிக்கான சிறு கையேடு என்று. நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். கோகிலவாணி பெயரில் நிறுத்தி, “இது மண்டையில ஏறாத கேசுங்க டீச்சர்” என்றீர்கள். எழுதிவிட்டு அடுத்த பெயருக்குப் போனீர்கள். நானும் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை. கணக்குக்கு அப்படி ஒரு பட்டியல் நானும் எழுதிக்கொண்டுதான் இருந்தேன்.

அந்த வாக்கியத்தைத்தான் என் மூளை தூக்கிக்கொண்டு போய் வகுப்பறையில் வைத்திருக்கிறது. ஆக நான் கேட்டது உண்மை, எழுதிய இடம் பொய். உங்களுக்கு நேர்ந்த கெடுதல் என் கையெழுத்தால் நேர்ந்தது. அதற்கு நான் மன்னிப்புக் கேட்கிறேன்.

கடிதத்தை அனுப்புவது உங்கள் உரிமை. அனுப்புவதற்கு முன் பதினோராம் நிமிடத்தை மட்டும் பார்த்துவிடுங்கள். நான் வாயால் சொல்ல விரும்பவில்லை.

நஸீமா


பாலக்கோடு
24.11.2024

நஸீமா டீச்சருக்கு,

கணினி பழுது என்று எழுதியிருந்தேன். பழுதில்லை. பார்க்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். உங்கள் கடிதம் வந்த மறுநாள் பார்த்தேன்.

படத்தில் அவள் முகம் இல்லை, கையும் பெட்டியும்தான். குரல் மட்டும் வருகிறது. சொற்களை மாற்றாமல் எழுதிவைத்துக்கொண்டேன், நினைவை நம்பக்கூடாது என்பதால். “சார் என்னைய திட்டலீங்க டீச்சர். நரம்பு செல் படம் போட எனக்கு ஆசை. நோட்ட எடுத்துக்கிட்டு அவருகிட்ட போனேன். உனக்கு அது வேணாம்மா, இத மட்டும் படி போதும்னு அந்தச் சின்னப் புத்தகத்தக் குடுத்தாரு. நல்லபடியாத்தான் சொன்னாரு. திட்டியிருந்தாக்கூட வீம்புக்குப் படிச்சிருப்பேன்.” பிறகு கொஞ்சம் சிரித்துவிட்டு, “மேல ஜன்னல்ல நிக்கறாரே, அவருதான். மூணு வருசமா நான் பாக்கறேன். அவருக்குத்தான் என்னையத் தெரியல” என்கிறாள்.

இத்தனையும் சொல்லும்போது கை நிற்கவில்லை. ஒரு காயும் தவறான பெட்டிக்குப் போகவில்லை.

ஆசிரியர் அறையில் நான் சொன்னதாக நீங்கள் எழுதியது எனக்கு நினைவில்லை. சொல்லியிருப்பேன். அன்று என் கையில் சிவப்புப் பேனா இருந்ததாகத் தோன்றுகிறது, அது இப்போது நானே கட்டியதாகவும் இருக்கலாம். அவள் நோட்டோடு வந்ததும் நினைவில்லை. இதுதான் எனக்கு ஆறவில்லை. நான் சொல்லாத ஒரு வாக்கியத்தை ஏழு ஆண்டுகள் சுமந்தேன். சொன்ன வாக்கியம் ஒருநாள்கூட என்னிடம் தங்கவில்லை.

பழைய வினாத்தாள்களை எல்லாம் டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறேன். அந்த ஆண்டுக்குரியதை எடுத்துப் பார்த்தேன். ஐந்து மதிப்பெண் பகுதியில் இருக்கிறது. நரம்பு செல்லின் படம் வரைந்து பாகங்களைக் குறி. அவள் தவறியது நான்கில்.

இதை ஏறக்குறைய இரண்டு வாரம் வைத்துக்கொண்டிருந்தேன். போகாமல் இருக்கத் தேவையான காரணங்கள் எல்லாம் என்னிடம் இருந்தன. கையேட்டை நான் அச்சடிக்கவில்லை. பட்டியல் எழுதச் சொன்னதும் நான் இல்லை. எல்லாப் பள்ளியிலும் எழுதினார்கள், நீங்களும் எழுதினேன் என்கிறீர்கள். தேர்ச்சி விழுக்காடு குறைந்தால் ஆய்வுக் கூட்டத்தில் மைக்கில் பெயர் சொல்லி எழுப்பி நிற்க வைத்தார்கள், அதில் நானும் ஒருமுறை நின்றவன். அத்தனையும் உண்மை. இன்னும் ஒரு மனு எழுதலாம்.

நேற்றுக் காலை ஒரு வெள்ளைத் தாளில் நரம்பு செல்லை வரைந்தேன். கை பழக்கம் போய்விட்டது, இரண்டாவது தாளில்தான் சரியாக வந்தது. அந்த வினாத்தாளையும் எடுத்துக்கொண்டு மண்டிக்கு இறங்கினேன். மூன்று ஆண்டுகளாக எதிரில் இருக்கிற இடம், உள்ளே போனது முதல் தடவை.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “வாங்க சார்” என்றாள். நான் தாளை நீட்டினேன். “கையெல்லாம் பிசுபிசுன்னு இருக்குதுங்க சார். இந்த லோடு முடியட்டும், செத்த நில்லுங்க” என்றாள். நின்றேன். என்னைச் சுற்றிப் பெட்டிகள் போய்க்கொண்டிருந்தன. சுமை தூக்குகிற ஒருவர், ஏலம் எடுக்க வந்தவரா, ஓரமாக நில்லுங்கள் என்றார். ஓரமாக நின்றேன். நாற்பது நிமிடம் ஆனது. இடையில் அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, பக்கத்துப் பெண்ணிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

லோடு முடிந்தது. குழாயில் கை கழுவிப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து தாளை வாங்கினாள். வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தாள். எது உள்ளே கொண்டுவருவது, எது வெளியே கொண்டுபோவது என்று கேட்டாள். கிளைகளாக இருக்கிற டெண்ட்ரைட்டுகள் வாங்கும், நீளமான ஆக்சான் அடுத்த செல்லுக்குக் கொடுக்கும் என்றேன். “அவ்வளவுதானா சார்?” என்றாள். அவ்வளவுதான் என்றேன்.

பிறகு வினாத்தாளைக் காட்டினேன். ஒளிக்கலாம் என்றும் தோன்றியது, ஒளிக்கவில்லை. அவள் அந்த வரியை விரலால் தொட்டுக்கொண்டு படித்தாள். எத்தனை மதிப்பெண் என்பதையும் படித்தாள். நான் தவறு செய்துவிட்டேன் என்றேன். இன்னும் ஏதோ பேச வாயெடுத்தேன், அவள் கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

“அஞ்சு மார்க்குங்களா” என்றாள். தாள் இரண்டையும் மடித்து மடியில் செருகிக்கொண்டாள். தனித்தேர்வராக இப்போதும் எழுதலாம், டிசம்பரில் விண்ணப்பம் வரும் என்று நான் சொன்னேன். சொல்லித்தரவும் தயார் என்றேன்.

“எழுதறதா இருந்தா நஸீமா டீச்சர்கிட்ட சொல்லிக்கறேங்க சார். உங்ககிட்ட இல்ல” என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. நல்லபடியாகத்தான் சொன்னாள். அடுத்த டிராக்டர் வந்துவிட்டது, துண்டைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள்.

நீங்கள் கையெழுத்திட்டுத் தந்த கடிதம் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. அதில் எழுதியிருப்பது உண்மை, அதனால் கிழிக்க மாட்டேன். அனுப்புவேனா என்று இப்போது தெரியவில்லை. நீங்கள் கேட்ட மன்னிப்பை ஏற்றுக்கொண்டேன் என்று எழுத வேண்டும். எழுதிவிட்டேன். பொன்னாடை விஷயம் வேறு, அதை நான் மறக்கப்போவதில்லை.

வீடியோவைப் பற்றி. கடைசிப் பக்கத்தில் நான் எழுதிய எல்லை வாக்கியத்தை எடுத்துவிடச் சொல்லுங்கள். அவர்கள் எழுதிய காலண்டர் வாசகத்தையும் திரும்ப வைக்க வேண்டாம், அதுவும் அறிவியல் இல்லை. அந்த இடத்தில் கோகிலவாணியின் கையை அரை நிமிடம் காட்டட்டும், பேச்சு வேண்டாம். எந்த மூளைக்கு எது ஏறாது என்று முன்னாடியே எப்படித் தெரியும் என்று கேட்ட காவியாவுக்கு, தெரியாது என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

உங்கள் எண்ணுக்குப் போட்டிருந்த தடையை எடுத்துவிட்டேன். டிசம்பரில் அவள் உங்களிடம் வந்தால் எனக்கு ஒரு வரி தெரிவிக்கவும். வராவிட்டாலும் தெரிவிக்கவும்.

மாதவராஜ்